மூங்கில் கம்பத்துக் கொடி

— இறக்குடி மால்சுன். முதல்ல அந்தக் கொடியை இறக்கு.

— வந்ததும் வராததுமா என்னக்கா இது? எம் புள்ளையை எங்க விட்டுட்டு நீ மட்டும் மூச்சிரைக்க ஏறி வர்ற? கடல்பாசி சூப் ஆறுது.

— கீழதான் நிக்கிறான். உன் படிக்கட்டுக்கு நேர் கீழ, பூண்டுக் காட்டு ஓரமா. வாடகைக் கார்ல இருந்து இறங்கினான், தலையைத் தூக்கினான், உன் கம்பத்துல பறக்கிற கொடியைப் பாத்தான். அவ்வளவுதான், கால்ல ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டான்.

— கொடியைப் பாத்தானா?

— பாத்தான்.

— பாத்துட்டு என்ன சொன்னான்?

— இந்தப் படியில ஏற மாட்டேன்னான்.

— நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுக்கா. மூஞ்சி எப்படி இருந்துச்சு? எங்கயோ பாத்ததாச்சேங்குற மாதிரி இருந்துச்சா?

— அடியே, நாப்பது வருஷம் கழிச்சுப் பெத்த பிள்ளை ஜெர்மனியில இருந்து வந்து வாசல்ல நிக்கிறான், உனக்கு உன் கொடிப் பெருமைதான் பெருசாப் போச்சா? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம். உன் கதை அதுதான். அவன் இங்க நிக்க மாட்டான்னு உன் சாமி உனக்குச் சொல்லலையா?

— இரு, இந்த ஜன்னல் வழியாப் பாத்தா தெரியும். ஆமா, தலை தெரியுது. அக்கா! அவனுக்கு முடி நரைச்சிருக்கு!

— நரைக்காம? நாப்பது ஆச்சு. உனக்கே அறுபது.

— எம் புள்ளைக்கு நரைச்சுப்போச்சு. நான் கறுப்பா ஒரு தடவை பாக்கல, அதுக்குள்ள நரைச்சுப்போச்சு.

— அழாதே. மூக்கைச் சிந்திட்டு வா, கொடியை இறக்கு, தானா உள்ள வருவான். ஒரு மணி நேரத்துக்குத்தான். அவன் போனதும் திரும்ப ஏத்திக்கோ.

— அது முடியாதுக்கா.

— ஏன் முடியாது?

— சாமி கோவிச்சுக்கும்.

— சாமியும் நீயும்! அந்தச் சாமி உனக்கு என்னத்தை வாரிக் குடுத்துச்சு? கூடப் பொறந்த அண்ணன் அறுவடைத் திருநாளுக்குக்கூட உன்னை வீட்டுல சேக்கிறதில்ல. ஒரு கல்யாணத்துக்கு உன்னை எவனும் கூப்பிட்டதில்ல. கட்டிக்கிறேன்னு வந்த படகுக்காரன் இந்தக் கம்பத்தைப் பாத்துட்டு வந்த வழியே ஓடினான்.

— காலு இருக்கிறவன் ஓடுவான். ஓடட்டும்.

— நான் ஜெர்மனி ஆஸ்பத்திரியில பெட்பேன் கழுவிக்கிட்டிருந்தப்ப எங்கம்மா போன்ல சொன்னா. மால்சுன்னுக்குச் சாமி வந்துருச்சு, நெத்திலி காயப்போட்ட எடத்துல நுரை தள்ளி விழுந்துட்டான்னு. நான் கேட்டேன், நெத்திலிக் கூடையோட விழுந்தாளா, கூடையை ஓரமா வெச்சிட்டு விழுந்தாளான்னு.

— வெச்சிட்டுத்தான் விழுந்தேன். நெத்திலி என்ன பாவம் பண்ணுச்சு?

— உன்கூட வாயாட எனக்குத் தெம்பில்ல, பி.பி. ஏறுது. சரி, கொடி வேணாம். நீ கீழ இறங்கி வா. ரோட்டுல வெச்சு உன்னைப் பாக்கிறேன்னு சொல்றான்.

— ரோட்டுல வெச்சா? அவன் என்ன கேஸ் சிலிண்டர் போட வந்தவனா? புள்ளை வீட்டுக்குள்ள வரணும். இந்த வீட்டுக்குள்ள வரணும், இந்தச் சூப்பைக் குடிக்கணும். அதுக்கப்புறம் அவன் எங்க வேணா போகட்டும்.

— பொறு, நான் கூப்பிட்டுப் பாக்கிறேன். அவன்கிட்ட ஜெர்மன்லதான் பேசுவேன், நடுவுல வந்து நொய்நொய்யுன்னு அரிக்காதே. தோபியாஸ் தம்பி! பாதிப் படியாவது ஏறி வாங்க! இங்க காத்து குறைச்சல்!

— இங்கயே நிக்கிறேன், சிஸ்டர். அவங்க வரலையா?

— வருவா, வருவா. தம்பி, நர்ஸ் வேலைக்குப் போய் முப்பது வருஷம் உங்க ஊர்ல இருந்தவ சொல்றேன், கேளுங்க. அந்தக் கொடி நீங்க நினைக்கிறது இல்ல. இங்க குறி சொல்றவங்க வீட்டுல அதை ஏத்துவாங்க. புத்தர் கோயில் வாசல்ல இருக்கும், குழந்தைத் தலையணையில தைப்பாங்க. ஹிட்லருக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

— தெரியும் சிஸ்டர். எல்லாம் படிச்சிருக்கேன். புத்தர் நெஞ்சுல இருக்கு. இந்தியாவுல சுவஸ்திகம்னு கல்யாணப் பத்திரிகையில போடறாங்க, வாசல்ல கோலமா வரையறாங்க. அவனுங்க பொறக்கிறதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே இருந்ததை அவனுங்க திருடிட்டுப் போனாங்க. தலைக்கு எல்லாம் தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது.

— இங்க பாருங்க, இது இடது பக்கம் மடங்கினது. அவனுங்களது வலது பக்கம்.

— காத்துல பறக்கிற துணியில எது இடது, எது வலது? நீங்க இறங்கி வந்து நான் நிக்கிற இடத்துல நின்னு பாருங்க.

— வரேன், வரேன். முட்டி வேற வலிக்குது. ம், எங்க?

— இப்பச் சொல்லுங்க.

— ஆமா தம்பி. இந்தப் பக்கத்துல இருந்து பாத்தா அதேதான்.

— என்னக்கா, ரெண்டு பேரும் கொடியையே பாக்கிறீங்க? என்னாங்குறான்? பிடிச்சிருக்காமா?

— துணி நல்லா இருக்குங்கறான்டி!

— நானே தைச்சதுன்னு சொல்லு! வருஷத்துக்கு ஒண்ணு தைக்கிறேன்னு சொல்லு. கடக்காத்து துணியைத் தின்னுபோடுதுல்ல, அதான்!

— என்ன சொல்றாங்க சிஸ்டர்?

— வந்து... உங்களுக்குப் பசிக்குதான்னு கேக்கிறா. கடல்பாசி சூப் வெச்சிருக்கா. இங்க பொறந்த நாள் அன்னிக்கு அதைத்தான் குடிப்போம்.

— எனக்கு இன்னிக்குப் பொறந்த நாள் இல்ல. பிப்ரவரியில வரும்.

— மால்சுன்! அவனுக்குப் பிப்ரவரியிலதான் பொறந்த நாளாம்!

— எவன் சொன்னது? பூண்டு நட்டு மொளை விட்ட மறுநாள், இதே மாதிரி வாடைக்காத்து அடிக்கிறப்ப பெத்தேன். இன்னிக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் சூப் வெச்சு நான் ஒருத்தியே உக்காந்து குடிக்கிறேன். எனக்குத் தெரியாதா?

— தம்பி, இன்னிக்குத்தானாம். பிப்ரவரி அனாதை விடுதிக்காரங்க குத்துமதிப்பாப் போட்டது போல.

— இன்னிக்கா?

— இன்னிக்கேதான்.

— இவ்வளவு வருஷமா தப்பான நாள்ல மெழுகுவத்தி ஊதியிருக்கேன்.

— அதுதான் சொல்றேன், மேல வாங்க. பொறந்த நாளும் அதுவுமா ரோட்டுல நிக்கக் கூடாது.

— வரணும்னுதான் இருக்கு, சிஸ்டர். ஆனா அதுக்குக் கீழ நுழைய முடியல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இதைப் பாருங்க.

— ஐயோ. பச்சைக் குழந்தைச் சட்டை.

— நெஞ்சுப் பக்கம் பாருங்க. சிவப்பு நூல். விமானத்துல வந்து இறங்கினப்ப நான் போட்டிருந்தது.

— கடவுளே. இதைப் போட்டுக்கிட்டா ஜெர்மனியில இறங்கினீங்க?

— எங்கப்பாவுக்கு ஆறு வயசு இருக்கிறப்ப அவரோட அம்மாவையும் ரெண்டு அக்காவையும் அந்தக் கொடிக்காரனுங்க ரயில்ல ஏத்தினாங்க. யூதக் குடும்பம். மூணு பேருமே திரும்பல. அவரை மட்டும் யாரோ ஒரு பண்ணையில பன்னிக் கொட்டகைக்குள்ள ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தினாங்க. அந்த மனுஷன் அப்புறம் வளந்து, கல்யாணம் பண்ணி, குழந்தை இல்லாம ஏங்கி, கடைசியில தூர தேசத்துல இருந்து ஒரு குழந்தை வருதுன்னு ஏர்போர்ட்டுல போய் நின்னார். கையில வாங்கிப் போர்வையை விலக்கினா, குழந்தை நெஞ்சுல இது.

— என்ன பண்ணினார்?

— அங்கயே அவுத்தார். வெளிய பனி கொட்டுது. தன் கோட்டைக் கழட்டி என்னைச் சுத்தினார். இதெல்லாம் அம்மா சொன்னது. ஆனா சட்டையை அவர் எரிக்கலை. குழந்தையோட வந்தது இது ஒண்ணுதானேன்னு ஒரு தகர டப்பாவுல போட்டு வெச்சார். சின்னப் பையனா இருக்கிறப்ப நான் கண்டுபிடிச்சுக் கேட்டேன். எழுந்து தோட்டத்துக்குப் போயிட்டார். அப்புறம் நான் கேக்கவே இல்ல. போன வசந்தத்துல போய்ச் சேந்துட்டார்.

— இப்ப இவகிட்ட என்ன கேக்கணும் தம்பி?

— யார் தைச்சது? என்னை எந்த நாட்டுக்கு அனுப்பறோம்னு தெரிஞ்சே தைச்சாங்களா? அது தெரியாம எங்கப்பா செத்துப்போனார். எனக்குத் தெரியணும்.

— அக்கா! என்ன அது அவன் கையில? வெள்ளையா என்னமோ காட்டுறானே. அக்கா, அது என்னது?

— சட்டைடி. குழந்தைச் சட்டை.

— நான் தைச்சதா? சிவப்பு நூல் இருக்கா? வெச்சிருக்கானா! எம் புள்ளை அதை வெச்சிருக்கானா!

— அவனை வளத்த அப்பா வெச்சிருந்தாராம். ரொம்ப நல்ல மனுஷனாம். டப்பாவுல போட்டுப் பத்திரமா வெச்சிருந்தாராம்.

— பாத்தியா! பாத்தியாக்கா! இது பெத்தவ போட்ட அடையாளம், தொலைக்கக் கூடாதுன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்! ஹாஹா! அவரு நூறு வருஷம் நல்லா இருக்கணும்!

— சிரிக்காதேடி. இவ்வளவு சத்தமாச் சிரிக்காதே, அவன் பாக்கிறான்.

— சிஸ்டர், ஏன் சிரிக்கிறாங்க?

— சந்தோஷத்துல, தம்பி.

— எங்கப்பாவைப் பத்திச் சொன்னீங்களா? ரயிலைப் பத்திச் சொன்னீங்களா?

— சொன்னேன்.

— நான் இவ்வளவு நேரம் பேசினேன், நீங்க ரெண்டு வரி சொன்னீங்க. அந்த ரெண்டு வரியைக் கேட்டு அவங்க கையைத் தட்டிச் சிரிக்கிறாங்க. எங்கப்பாவோட அம்மாவும் அக்காங்களும் செத்ததைக் கேட்டுச் சிரிக்கிறாங்க!

— ஐயையோ, அப்படி இல்ல தம்பி.

— போதும் சிஸ்டர். பதில் கெடைச்சிருச்சு. பஸ் எங்க நிக்கும்?

— தம்பி! தம்பி, நில்லுங்க! சொல்றதைக் கேளுங்க!

— என்னக்கா ஆச்சு? ஏன் திரும்பி நடக்கிறான்? வாயில ஒரு கரண்டிகூட வைக்கல. நாய்ப்பீ! டேய் நாய்ப்பீ!

— அடியே, என்னன்னு கூப்பிடறே! தெருவே கேக்குது!

— அதுதான் அவன் பேரு. எமன் கண்ணு படக்கூடாதுன்னு நான் வெச்ச பேரு. தோபியோ கீபியோ, அது என் வாயில நுழையல. நாய்ப்பீ, நில்லுடா!

— நிக்க மாட்டான். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிட்டேன். உன் மனசு நோகக் கூடாது, அவன் மனசு நோகக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் பூசி மெழுகினேன் பாரு, என்னைச் சொல்லணும். பஸ் வர இன்னும் நேரமிருக்கு, அதான் திரும்ப மேல ஏறி வந்தேன். உள்ளதைச் சொல்றேன், வாயை மூடிக்கிட்டுக் கேளு. அந்த ஊர்ல உன் கொடியில இருக்கிற குறிக்கு அர்த்தம் வேற.

— எந்த ஊரா இருந்தா என்ன? அது மன்னுங்கற எழுத்து. மன்னுன்னா பத்தாயிரம். பத்தாயிரம் வருஷம் நல்லா இருன்னு அர்த்தம். கோயில் வாசல்ல போய்ப் பாரு.

— நான் அந்த ஊருக்குப் போன முதல் வருஷம்டி. எங்கம்மா கழுத்துல போட்டு அனுப்பின தங்கச் சங்கிலியில இதே குறிதான். ஊசி போடக் குனிஞ்சப்ப அது வெளிய தொங்கிருச்சு. ஒரு கெழவி பாத்துட்டு, போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டு நடுங்கினா. எனக்கு ஒண்ணும் புரியல. அடுத்த வார்டுல ஒரு கெழவன் பாத்தான். அவன் சிரிச்சான். எழுந்து உக்காந்து கையை வெறைப்பா நீட்டி எனக்கு ஒரு சலாம் வெச்சான். அந்தச் சிரிப்புதான்டி எனக்குப் பயமா இருந்துச்சு. அன்னிக்குக் கழட்டினேன் சங்கிலியை.

— எதுக்குச் சலாம்?

— அந்தக் குறியைக் கொடியில போட்டுக்கிட்டுத்தான் ஒரு கூட்டம் லட்ச லட்சமா ஜனங்களைக் கொன்னுச்சு. கைக்குழந்தையைக்கூட விடல. நம்மளை அடக்கி ஆண்ட ஜப்பான்காரன் சூரியக் கொடியைக் கண்டா உங்கப்பா காறித் துப்புவாரே, அதைவிடப் பத்து மடங்குன்னு வெச்சுக்கோ. இவனை வளத்த மனுஷனோட அம்மாவையும் அக்காங்களையும் கொண்டுபோய்க் கொன்னது அவனுங்கதான். அந்த மனுஷன் கையில உன் பிள்ளையைக் குடுத்தப்ப, பிள்ளை நெஞ்சுல நீ தைச்ச குறி.

— நானா?

— நீதான்.

— நான் விடிய விடிய உக்காந்து தைச்சேன்க்கா. கல்யாணம் ஆகாம பெத்த புள்ளையாச்சே, விடிஞ்சா அண்ணன் தூக்கிட்டுப் போயிடுவான்னு தெரியும். எங்கன்னு அவன் எனக்குச் சொல்லல. பூசான் துறைமுகம் வரைக்கும்தான் தெரியும். அங்க இருந்து கடலைத் தாண்டிப் போச்சா, யாரு கையில போச்சு, எதுவும் தெரியாது.

— உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி. அதைத்தான் அவன் கேக்க வந்தான். தெரிஞ்சே தைச்சியான்னு.

— அந்த அப்பா என்ன பண்ணினாரு? எம் புள்ளையைத் தூக்கி எறிஞ்சாரா?

— இல்ல. சட்டையை அவுத்துட்டு, தான் போட்டிருந்த கோட்டைக் கழட்டிப் போத்தினாராம். நல்ல பனியாம்.

— தன் கோட்டையா? அவருக்குக் குளிரியிருக்குமே அக்கா.

— ஆமாடி.

— அம்மாவைக் கொன்னவன் குறியைக் கொண்டுபோய்த் தன் வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தாரு. எம் புள்ளைக்காக வெச்சிருந்தாரு.

— ஆமா.

— அந்த அரிவாளை எடு.

— எதுக்கு?

— எடுக்கா!

— இரு, அவசரப்படாதே. கடை வாசல்ல நாலு பேர் நின்னு வேடிக்கை பாக்கிறாங்க. நாளைக்கு வலைக்காரன் பொண்டாட்டி உன்கிட்ட பூசைக்கு வர்றா. குறிகாரி தன் கையாலயே கொடியை அறுத்துப் போட்டான்னு தெரிஞ்சா, அப்புறம் ஒருத்தி உன் வாசலை மிதிக்க மாட்டா. சோத்துக்கு என்ன பண்ணுவே? கயிறை மெதுவா அவுத்து இறக்குவோம்.

— நீ அவுக்கிற வரைக்கும் பஸ்ஸு நிக்குமா? உப்புல ஊறி முடிச்சு கல்லாக் கெடக்கு. தள்ளு!

— பெஞ்சு மேல ஏறாதே! கம்பம் ஆடுது! தோபியாஸ் தம்பி! ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க! திரும்பிப் பாருங்க தம்பி!

— என்ன பண்றாங்க? சிஸ்டர், அவங்க கையில என்ன அது? நான் இறக்கச் சொல்லவே இல்லையே!

— நான் சொன்னேன்! இப்பத்தான் எல்லாத்தையும் சொன்னேன், முன்னாடி நான் முழுசாச் சொல்லல. உங்கப்பா சட்டையை வெச்சிருந்தார்னு மட்டும் சொன்னேன், அந்தச் சந்தோஷத்துல சிரிச்சா. உங்களை எந்த நாட்டுக்குக் கொண்டு போறாங்கன்னு இவளுக்கு யாரும் சொல்லல. நீங்க பத்தாயிரம் வருஷம் நல்லா இருக்கணும்னு விடிய விடிய உக்காந்து தைச்சிருக்கா. உங்கப்பா கோட்டைக் கழட்டிப் போத்தினதைச் சொன்னேன். என்ன கேட்டா தெரியுமா? அவருக்குக் குளிரியிருக்குமேன்னு கேட்டா.

— அப்படியேவா கேட்டாங்க?

— அப்படியேதான். நான் ஒரு எழுத்து மாத்தல.

— பெஞ்சு சாயுது சிஸ்டர்! பிடிங்க அவங்களை! நீங்க வேணாம், நான் வரேன், நான் பிடிக்கிறேன்!

— படியில பாசி இருக்கும், பாத்து ஏறுங்க!

— அறுந்துருச்சுக்கா. கொடி அறுந்துருச்சு. அக்கா, உள்ள வந்துட்டான். என் இடுப்பைப் பிடிச்சு இறக்கி விடுறான்.

— பாத்துட்டுத்தான்டி இருக்கேன்.

— கை எவ்வளவு பெருசா இருக்கு பாரேன். அன்னிக்கு இத்தினியூண்டு இருந்த கை.

— சிஸ்டர், இவங்ககிட்ட கேளுங்க. குறி சொல்றவங்க தன் கொடியைத் தானே அறுத்தா, சாமி அவங்களைச் சும்மா விடாதுன்னு படிச்சிருக்கேன். உடம்புக்கு முடியாமப் போகும், பைத்தியம்கூடப் பிடிக்கும்னு. எதுக்கு எனக்காக இப்படிப் பண்ணாங்க? இவங்களுக்கு ஏதாவது ஆயிடுமா?

— உன் சாமி உன்னைச் சும்மா விடுமான்னு கேக்கிறான், மால்சுன். நெஜமாவே பயப்படறான்.

— இதையாவது பூசி மெழுகாம அப்படியே சொல்லுக்கா. எனக்கு ஒரு நாளும் எந்தச் சாமியும் வந்ததில்ல. எம் புள்ளை மேல நான் போட்டு அனுப்பின அடையாளம் அந்தக் குறி ஒண்ணுதான். அதை ஊருக்கே தெரியற உசரத்துல ஏத்தி வைக்கக் குறிகாரி ஒருத்திக்குத்தான் வழி இருக்கு. என்னிக்காவது தேடி வந்தா அவனுக்கு வீடு தெரியணுமேன்னுதான் நான் குறிகாரி ஆனேன்.